இருநூறு டஜன் கழைக்கூத்தாடிகள்

வியாழக்கிழமைக்குள் ஸ்பானிஷ் வேண்டுமாம்.
ஒவ்வொரு அட்டைப்பெட்டி மேலும்
உள்ளே இருப்பதன் பெயர்,
லீமாவில் பெட்டி பிரிப்பவனுக்கு விளங்குகிற மாதிரி.
இங்கிலீஷில் எல்லாம் தயார்.
இன்வாய்ஸ் போடுகிறவள் நான் என்பதால்
பாஷையும் என் தலையில்.

வலங்கைமானில் ஸ்பானிஷ் தெரிந்தவர் உண்டா என்று
மெஹபூப் பாய் இரண்டு நாள் விசாரித்தார்.
பங்குத்தந்தைக்கு இத்தாலியன் வரும் என்றார்கள்.
"ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்தானே" என்றார் பாய்.
தந்தை வேளாங்கண்ணி போயிருந்தார்.
மிச்சம் என் போன்.

ஸ்பூன், குச்சாரா.
டீ ஸ்பூன், குச்சரீத்தா;
சாப்பிடக் கூப்பிட்டால்
ஒளிந்துகொள்ளும் பிள்ளையின் பெயர் மாதிரி.
கத்தி, குச்சீயோ.
"என்னக்கா, எல்லாம் குச்சியாவே இருக்கு"
என்றாள் பேக்கிங்கிலிருந்து ஜெயசீலி.
குழந்தை ஸ்பூனில் ஓர் எழுத்துக்குத்
தலைமேல் சின்ன நெளி.
எங்கள் பிரிண்டருக்கு அது தெரியாது.
ஞ போட்டால் தீர்ந்தது,
அவர்களுக்குத்தான் ஞ தெரியாது.
நானூறு ஸ்டிக்கரிலும் பேனாவால் நெளித்தோம்,
மருதாணிக் கூம்பு பிடிக்கிற நிதானத்தில் மும்தாஜ்,
பின்னாலேயே, கோணலாக, நான்.

முள்கரண்டியில் நின்றுவிட்டேன்.
தெனெதோர்.
கீழே பொடி எழுத்தில்:
'புத்தகங்களின் தெனெதோர்' என்றால்
கணக்கு எழுதுகிறவர்.
பதினோரு வருஷமாகப் பேரேடு எழுதுகிறேன்.
என்னை முள்கரண்டி என்று யாரும் சொன்னதில்லை.
வீட்டில் நினைத்திருக்கலாம்.

இங்கிலீஷ் பக்கம் இன்னும் ஒரு பொருள் வைத்திருந்தது:
ஆறு பிரிகிற இடமும் ஃபோர்க்.
ஜன்னலுக்கு வெளியே குடமுருட்டி,
பாத்திரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு
முழங்கால் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது.
மேற்கே காவிரியை விட்டுப் பிரிந்து வந்தது அது.
அதற்கும் மேற்கே கொள்ளிடம், வெண்ணாறு,
இந்தப் பக்கம் அரசலாறு,
பிரிந்ததிலிருந்து பிரிந்ததாக வெட்டாறு.
ஒரு முள்கரண்டிகூட விற்காத ஊரில்
கடல் வரைக்கும் பல் பல்லாக
முள்கரண்டிதான்.
பாயிடம் சொன்னேன்.
"அதையெல்லாம் இன்வாய்ஸ்ல சேத்துராதம்மா" என்றார்.

டம்ளருக்கு நான் யோசிக்கவே இல்லை.
யோசிக்க என்ன இருக்கிறது டம்ளரில்?
போன் சொன்னது, அக்ரோபாத்தா.
ஒட்டினோம்.
தூத்துக்குடியில் கப்பல் ஏறியது.

நாற்பத்தெட்டாம் நாள் மெயில்.
அன்புள்ள திலகேஸ்வரி,
நீங்கள் அனுப்பிய கழைக்கூத்தாடிகள்
இருநூறு டஜன் பேரும் வந்து சேர்ந்தார்கள்.
ஒருவருக்கும் அடியில்லை.
ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக்
கூரை வரை நிற்கிறார்கள்.
இங்கே நாங்கள் இவர்களை பாஸோ என்போம்.
இப்படிக்கு, மாரிசெல் உவாமான்.
பி.கு. 'டவரா' என்று ஒரு பெட்டி இருக்கிறது.
தட்டா, கிண்ணமா, மூடியா?

வெட்கத்தில்
அன்று டீயே குடிக்கவில்லை.
மறு ஸ்டிக்கர் செலவு ஆயிரத்து நூற்று நாற்பது,
'இதர வகை'யில் எழுதினேன்.
டவராவுக்கு போன் அன்றைக்கே கைவிரித்திருந்தது,
அப்படியே விட்டிருந்தேன்.
இப்போது ஒரு வரி எழுதினேன்:
சூடு, குடிப்பதற்கு முன் கொஞ்சம் வந்து இருந்துவிட்டுப் போகும் இடம்.
அனுப்பிய பிறகு
அதிகப்படியோ என்று இருந்தது.

பதிலுக்கு ஒரு வீடியோ.
குடோன், மஞ்சள் விளக்கு, நீலச் சட்டையில் ஒருவன்
பெட்டியைத் தூக்கி, எழுத்துக் கூட்டி,
அந்த ஊரில் வ எல்லாம் ப என்பதால்
உரக்கப் படித்தான்:
டபரா.

"டவரா-டீ, டவரா" என்று
எத்தனை தரம் திருத்தியிருப்பேன் ஜெயசீலியை.
என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவள்
ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு தரம் போடச் சொன்னாள்.
அப்புறம்
சத்தத்தைக் கூட்டி
இன்னொரு தரம்.