எட்டாம் கொப்பி

பக்கம் ஒண்டுக்குப் பத்து ரூபா.
காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், மையத்து அறிவித்தல்
எல்லாத்துக்கும் அதே விலைதான்.
டாக்குத்தருக்கும்.

டாக்குத்தர் மவுத்தானது இருநூற்றிப் பன்னிரண்டாம் நாள்,
டீவியில, இரவு எட்டரைக்கு, லொறி அடிச்சு.
நாடகக்காரனுக்கும் நடிகருக்கும் சம்பளத்துல பிரச்சினையாம்.
அக்கரைப்பற்றில ஒருத்தியும் அதை ஏற்கல்ல.
மறு கிழமை கடைக்கு ஒரு சீ.ஆர். கொப்பி வந்திச்சு,
பச்சை மட்டை, ஹபாயாவுக்குள்ள இருந்து.
"இருபது செட் அடிங்க கா,
முதலாளி வாறத்துக்குள்ள."

முதல் வரி:
அவர் சாகல்ல. லொறிக்காரன் பிரேக் அடிச்சிட்டான்.

மிசின்ட வெளிச்சம் அந்தக் கரைக்குப் போய் வாறத்துக்குள்ள
அரைப் பக்கம் வாசிச்சிருவன்.
மருந்து கட்டுற முனவ்வரா ராத்தா வாசிச்சா.
தையல் கடைப் புள்ளைகள் ஆறு பேரும் சேர்ந்து
ஒரு செட்டுக்குக் காசு போட்டாங்க.
திரும்பி வந்த தாள்களுக்கு ஓரத்துல பேனை:
இந்த இடத்துல அவர் மன்னிப்புக் கேக்கணும்.
இன்னொரு பேனை, சிவப்பு:
கேட்டாப் போதாது. கோப்பையும் கழுவணும்.

ரெண்டாம் கொப்பியில கழுவினார்.

டீவியில அவள் அழுது அழுது
புகுந்த வீட்டுக்குப் போனாள், காரில, நாலு நாளா.
எங்களுக்கு விளங்கவே இல்ல.
ஏன் கா அவள் போகணும்? மாப்பிள்ளைதானே வரணும்!
மூணாம் கொப்பியில
டாக்குத்தர் ஒரு பொட்டியோட அவட வாசல்ல நிக்கார்,
தண்ணி மோட்டர் சுவிச்சு எங்க எண்டு தெரியாம,
மாமிட்டக் கேக்க வெக்கப்பட்டு,
சவர்க்காரம் பூசின முகத்தோட.
அந்தக் கொப்பிக்கு ரெண்டு ரீம் பேப்பர் முடிஞ்சிது.

நாலாம் கொப்பி ஆலையடிவேம்புக் கையெழுத்து,
கோகிலவதனியாத்தான் இருக்கணும், "ழ" வை அப்பிடிச் சுழிக்கிற அவதான்.
அதுல டாக்குத்தர் கோயில் வாசல்ல
அவட செருப்புக்குக் காவல் இருக்கார்.
அஞ்சாவதுல நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சுறார்.
இடையில எப்ப மாறினார் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல.
ஒரு காலம் அந்த ஒரு ரோட்டைக் கடக்க
ஆம்பிளைகளுக்கே ஈரல் நடுங்கின.
இவர் கிழமைக்கு ரெண்டு தரம் கடக்கார்.

எட்டாம் கொப்பிய ஆரு தந்த எண்டு
எல்லாரும் என்னட்டத்தான் கேக்காங்க.
காலையில மிசினுக்கு மேல கிடந்தது எண்டு சொன்னன்.

அதுல அவள்ட வீடு
லின்டல் மட்டத்துல நிக்கிது, ஏழு வருசமா.
கம்பியெல்லாம் மேல பார்த்துத் துருப் பிடிச்சு.
பார்க்க வந்த மூணு பேரும்
முகத்துக்கு முதல் சுவரத்தான் பார்த்தாங்க.
மாபிள் பதிப்பீங்களா, சீலிங் அடிப்பீங்களா,
எப்ப முடியும், எப்ப முடியும்.
வாப்பா சீமெந்து விலை சொல்லிச் சொல்லி
மறுகா பேசாம விட்டுட்டார்.

டாக்குத்தர் வாறார்.
கூரை இல்லாத அறைக்குள்ள நிண்டு
மேல பார்க்கார்.
"மழை வந்தா நீங்க எங்க படுக்கிற?"
எண்டு மட்டும் கேட்டுட்டு
கல்லாப் போன ஒரு சீமெந்து மூட்டையில இருக்கார்.

அவ்வளவுதான். கையைக் கூடத் தொடல்ல.
அந்த ஒரு பக்கத்த மட்டும்
நாற்பத்தி மூணு பேர் திரும்ப வந்து அடிச்சாங்க.
கல்யாணமாகி மூணு புள்ள பெத்தவளும் வந்தாள்,
மாபிள் பதிச்ச வீட்டுக்காரி.

இடது கையால எழுதினா எழுத்து நடுங்கும்.
ஆருக்கும் பிடிபடாது எண்டுதான் நினைச்சன்.

நேத்து ஒரு தாள் திரும்பி வந்திரிக்கி.
ஓரத்துல சிவப்புப் பேனை:
கூரைய நாங்க போடுறம்.
நீ அவர நனைய விடாத, புள்ள.

கடைய மூடிட்டு
ஒரு பச்சை மட்டைக் கொப்பி வாங்கினன்.
ஓடு போடுறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது.
டாக்குத்தருக்கும் தெரியாது.
முதல் அத்தியாயத்துலயே
ஒரு மேசனக் கூப்பிடணும்.