மூன்றாம் ப்ரூஃப்

கமருன்னிசா அய்யம்பேட்டையிலிருந்து
மூலப்படத்தைப் பழைய புடவையில் சுற்றி
பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள்.
குறுவை நாற்றங்கால், காலை ஆறரை மணி வெளிச்சம்.
உரக்கடைக் காலண்டருக்கு, ஆறாயிரம் பிரதி.

முதல் ப்ரூஃபில் பச்சை பாசி பிடித்திருந்தது.
சயானைக் குறைத்தேன்.
இரண்டாவதில் பயிருக்கு மஞ்சள் நோய்.
"உங்க கடைக்காரர்கிட்டயே மருந்து இருக்குமே"
என்றார் சவரிராஜ், ரோலரைத் துடைத்தபடி.
அவள் சிரிக்கவில்லை.

ட்யூப்லைட்டில் ஒரு பச்சை, வெயிலில் ஒரு பச்சை.
படத்தையும் தாளையும் தூக்கிக்கொண்டு
கும்பகோணம் மடத்துத் தெருவில் நின்றோம்.
ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கிவந்து
மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்.

அந்தப் பச்சை நாலு மையில் இல்லை.
எந்தத் தாளிலும் எனக்கு அது முளைத்ததில்லை.

ராத்திரி பச்சையைத் தொடவேயில்லை.
வரப்புச் சேற்றில் மட்டும்
மெஜந்தா நாலு சதம் ஏற்றினேன்.
காலையில் நாற்று நிமிர்ந்திருந்தது.

வெகுநேரம் பார்த்தாள்.
விரல் போய் நின்றது பச்சையில் அல்ல,
வரப்பில்.
"இது எங்க மண்ணில்ல."
இல்லைதான் என்றேன்.

கையெழுத்துப் போடப்
பேனா கேட்டாள்.