நாலெழுத்து

பறக்கும் ஆமை, ஏழு நாக்குள்ள கதவு,
மாசம் ஒரு நாவலாய் அச்சடித்துப்
பேருந்து நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம்.
அட்டையில் ‘வச்சிரகேது’.
ரேஷன் கார்டில் யோவேல் ஞானமுத்து, பசுமலை.

இப்போது அவர் கடிதங்கள்
சிம்மக்கல் அச்சகத்தில், என் மேசையில்.
நாற்பத்தொரு இன்லண்ட்,
எல்லாம் திருமங்கலத்துத் தங்கை எப்சிபாளுக்கு.
மெய்ப்புப் பார்க்கிறேன்.

“ஆமையைப் பறக்கவிட அரைமணி போதும்.
ஜெபிக்க முழங்கால் போட்டால்
ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது.”

எடுத்துவிடலாமே என்றார் ஆயர்.
இதுதான் விற்கும் என்றார் முதலாளி.

முப்பதாவது கடிதத்தில் சண்டை முற்றியது.
எப்சிபாள் அவசரத்தில் பிரித்திருக்கிறார்;
மடிப்போரம் பசையோடு போய்விட்டது.
“அவர் உயிர்த்தெழுந்ததை நான் நம்”
அதோடு சரி.

‘புகிறேன்’ என்று பென்சிலில் எழுதினார் ஆயர்.
‘பவில்லை’ என்று சிரித்தார் முதலாளி.
நான் திருமங்கலத்துக்குப் போன் போட்டேன்.

“அன்னைக்குப் புரிஞ்சுச்சும்மா.
என்ன புரிஞ்சுச்சுன்னுதான் இப்ப நெனப்பில்ல.
அடுத்த வரியில அண்ணன் அரிசி வெல கேட்டிருக்கும், பாருங்க.”

கேட்டிருந்தார்.

தபால் முத்திரையை விளக்கடியில் பிடித்தேன்.
பசுமலை, 18-4-81.
பழைய பஞ்சாங்கம் தேடிப் பார்த்தேன்:
பெரிய வெள்ளிக்கு மறுநாள்.
கல்லறை மூடிக் கிடந்த சனிக்கிழமை.

பென்சிலை ரப்பரால் அழித்தேன்.

மூன்று புள்ளி வைக்கவாக்கா என்றான்
கம்ப்யூட்டரில் இருந்த பையன்.
புள்ளி வேண்டாம்.
நாலெழுத்துக்கு இடம் விடு.
எதுவானாலும் நாலுதான்.