கணியம்

"பாவசங்கீர்த்தனம் செய்து பதினோரு மாதம் ஆகிறது சாமி.
பொய், கோபம், கொளச்சலில் போய்க் குடித்தது
எல்லாம் வழக்கம்போல.
நாலு வருஷமாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது.
எந்தக் கட்டளையில் சேரும் என்றுதான் தெரியவில்லை.

பாரில் சிக்கிய தங்கூசி வலையை
அறுத்துவிட்டு வந்தேன்.
இழுத்திருக்கலாம். எஞ்சினில் எண்ணெய் குறைவு,
தாசையனுக்குக் காய்ச்சல்.
அது மட்காது சாமி.
அங்கே கிடந்து என் பெயரில் இன்னும் பிடிக்கிறது.
கலவா மாட்டும், அழுகும்,
அதைத் தின்ன வரும் நண்டு மாட்டும்,
நண்டுக்குத் திருக்கை.
ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லை அதற்கு.
கொலை என்றால் ஐந்தாவது. களவு என்றால் ஏழாவது.
யாரிடமிருந்து களவு?"

தட்டிக்கு அப்புறம் சாமி இருமினார்.
என்னைவிட இளையவர், மலையோரத்துக்காரர்.
மூன்று பரலோக மந்திரம் தருவார் என்றிருந்தேன்.
"போய் எடு" என்றார்.

எடுக்க இடம் தெரிய வேண்டுமே.
அந்தப் பாருக்குக் கணியம் இது:
கோபுரக் குருசின் வலக்கையில்
மலையின் மூக்கு வந்து உட்கார வேண்டும்.
முட்டம் வெளிச்சவீடு
தென்னந்தோப்பை விட்டு ஒரு விரல் விலக வேண்டும்.
ஜி.பி.எஸ். வாங்கியது அதற்குப் பிறகு.

இப்போது குருசின் கையில் வெறும் வானம்.

மலையை யார் தின்றார் என்று நான் கேட்க முடியாது.
கடல் அடுக்களைக்குள் ஏறிய வருஷம்
ஊரோடு ரோட்டில் உட்கார்ந்தோம், கல் கொட்டு என்று.
பிரிசித்தம்மாள் பஸ்ஸுக்கு முன்னால் படுத்தாள்.
டாரஸ் லாரிகள் வந்தன.
முதல் லாரிக்குத் தீர்த்தம் தெளித்தது முந்தின சாமி,
மாலை போட்டது நான்.
இதையும் சொன்னேன்.

தட்டிக்கு அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
"அந்த மலைக்கு அடியில்தான் எங்கள் வீடு.
கிணறு இப்போ..." முடிக்கவில்லை.
மன்னிப்பு சொன்னார்.
சிலுவை வரைந்த கையின் நிழல் தட்டியில் ஆடிற்று.

மூன்று தடவை போனேன்.
இல்லாத மூக்கைக் குருசின் கையில் நினைத்து வைத்து
கொக்கி இறக்கினேன். மணல்.
இன்னொரு தடவை, வேறு யாரோ அறுத்த கயிறு.
அதை வள்ளத்தில் ஏற்றினேன்.

ஈஸ்டர் கழிந்த ஞாயிறு. தோமையார் வாசகம்.
பூசை முடிந்து தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன்.
கல்லின் விலாவில் வெடிக்குத் துளைத்த குழி,
ரூல்தடி வைத்ததுபோல் நேராக.
நடுவெயில்.
விரலை விட்டேன்.
உள்ளே குளிர்ந்திருந்தது.