உப்புநீர்ச் சோதனை

தண்ணீர்க் குழாயை ஒன்றரைச் சாணுக்கு அறுத்து
ஒரு முனையைத் தீயில் காட்டி நசுக்கியிருந்தது.
அதுதான் உறை.
மீன் வெட்டும் பலகைமேல் வைத்து
'பாரும்' என்றாள் பிரிஸ்கா.

களியக்காவிளைக் கூட்டுறவு வங்கியில்
பதினெட்டு வருடமாய் நகை மதிப்பீட்டாளன் நான்.
அடகு வைப்பவர் முகத்தைப் பார்க்காமல்
உரைகல்லை மட்டும் பார்க்கப் பழகியவன்.
கத்திகள் என் சொந்தப் பைத்தியம்.

எல்லாரும் பிடியைப் பார்ப்பார்கள். நான் கழுத்தை.
அலகும் பிடியும் சேருமிடத்தில்
எட்டுப் பட்டையில் ஒரு குமிழ் இருந்தது.
போதும்.
முதுகுப்பக்கம் வாரில் குறுக்கே செருகிக்கொண்டு
குதிரைமேல் மாடு மேய்த்தவர்களின் கத்தி;
சுட்ட இறைச்சியைப் பல்லில் கவ்வி
மூக்குக்கு ஓரங்குலம் கீழே அறுத்துத் தின்றவர்கள்.
அலகின் வேரில் தேய்ந்த முத்திரை,
பாதிக் கிளையோடு ஒரு மரம்.
இரும்பு ஜெர்மனி.
பிடியைச் செய்தவன்
வெள்ளி என்றே பேர் வாங்கிய ஓர் ஆற்றின் கரையில்
பூவும் கொடியும் செதுக்கி
இரண்டெழுத்தைப் பொன்னில் பதித்திருக்கிறான்.
கத்தியோ இறையுமன்துறையில், சாளைச் செதிலோடு.

'யார் கொடுத்தது?'
'கப்பல்ல போனவரு கொண்டாந்தது.
மூணு கத சொன்னாரு. மூணும் கள்ளம்.'
கதைக்கும் விலை உண்டு, காகிதம் இருந்தால்.

ஒரு விரல் அகலம் இருக்க வேண்டிய அலகு
நடுவில் அரைவிரல்.
முப்பது வருடம் அம்மிக்கல்லில் அவள் தீட்டியது.
எங்கள் கணக்கில் அது சேதாரம்:
அவள் தீட்டிய முப்பது வருடமும்
விலையிலிருந்து கழியும்.

கல்லில் பிடியை உரசி அமிலம் ஒரு துளி விட்டேன்.
உப்புநீர்க் குப்பி காலி.
'உப்பா?' என்று எழுந்துபோய்
கருவாட்டுத் தொட்டியில் விரலை நனைத்து வந்து
கல்லில் சொட்டினாள்.
பால் திரிந்ததுபோல் வெளுத்தது கோடு.
அசல்.

'இப்படி வெளுத்தா
வெள்ளி இல்லேண்ணு அர்த்தம்' என்றேன்.
ஆயிரத்தைந்நூறு கொடுத்தேன்.
அவள் பேரம் பேசவில்லை.
குழாயை மட்டும் எடுத்துக்கொண்டாள்,
'அது வேணும்.'

இஞ்சிவிளையில் வண்டியை மறித்தார்கள்.
பத்திரிகைத் தாளைப் பிரித்த போலீஸ்காரர்
'எந்தா இது?' என்றார்.
மீன்கத்தி என்றேன்.
'வில?'
உண்மையைச் சொன்னால் ரசீது கேட்பார்.
ஐம்பது ரூபாய் என்றேன்.
கட்டைவிரலை அலகில் வைத்து இழுத்தவர்
சட்டென்று கையை உதறிச் சிரித்தார்,
'நல்ல மூர்ச்சயுண்டல்லோ!'
என் பேரேட்டில்
நீளம், முத்திரை, எடை, வெள்ளி, சேதாரம்.
கூர்மைக்கென்று கட்டம் கிடையாது.

பழைய மீன்கத்தி ஒன்று, மதிப்பு ரூபாய் ஐம்பது.
மலையாளத்தில் எழுதியதை
எழுத்துக்கூட்டி வாசித்துக் கையெழுத்திட்டேன்.
மீட்க வேண்டுமென்றால்
விற்றவரின் ரசீது வேண்டுமாம்.

திங்கட்கிழமை விடுப்பு.
இருபது ரூபாய் முத்திரைத்தாளோடு
மறுபடி அதே முற்றம்.
ரம்பத் தகட்டால் அயிலை வெட்டிக்கொண்டிருந்தாள்,
வெட்டு சரியாய் விழவில்லை.
கையைப் பாவாடையில் துடைத்து
பேனாவை வாங்கினாள்.
தாளில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.

'எவ்வளவுண்ணு எழுதணும்?'