நாலாவது பூட்டு

பட்டர்வொர்த் முனையத்தில் காலை ஐந்தே கால்.
கிரேன் இறக்கிய நாற்பதடிப் பெட்டி
டிரெய்லரில் உட்காரும்போது ஒரு ஏப்பம் விடும்.
அதைக் கேட்டபின்தான் இறங்குவேன்.

முன் இடது, திரும்பியது.
முன் வலது, திரும்பியது.
பின் வலது கொஞ்சம் முரண்டு பிடித்து, சரி.
பின் இடதில் கைப்பிடி
பாதியில் நின்றுவிட்டது,
சொல்ல வந்ததை மறந்த வாய் போல.

கோசோங்தானே, என்கிறான் ஆ செங் போனில்.
காலிப் பெட்டி, பாயான் லெப்பாஸ் வரைக்கும், மூன்று போதும்.

காலிதான். அதுதான் பயம்.
இருபது டன் சரக்கு தன் பாட்டுக்குக் கிடக்கும்.
வெறும் பெட்டிக்கோ பாலத்தின் நடுவில்
கடல் காற்று பட்டதும்
தானொரு பாய்மரம் என்று நினைப்பு வந்துவிடும்.

பரஞ்சோதி ஒரு பூட்டும் போட மாட்டான்.
இருபது வருஷ ஓட்டம்.
ரொட்டி சானாயைப் பிய்த்தபடி ஒருநாள் சொன்னான்:
"வளைவில் சாய்ந்தால் பெட்டி தனியாகப் போகட்டும், மீனலோசனி.
பூட்டி வைத்தால் லோரியையும் இழுத்துக்கொண்டு போகும்.
உனக்கு உயிர் முக்கியமா, பெட்டி முக்கியமா?"
நான் பதில் சொல்லவில்லை.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
இரவு பல் விளக்கும்போதுதான் உறைத்தது:
தனியாகப் போகிற பெட்டி
எங்கே போய் விழும் என்பது
அந்தக் கணக்கில் இல்லை.

பாலத்தில் என் இடப்பக்கம் மோட்டார் சைக்கிள் வழி.
ஏழு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள்.
ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிய ஒரு பெண்ணைத்
தினமும் பார்க்கிறேன்,
பின்னால் அவள் தங்கையோ யாரோ,
முதுகில் கன்னம் வைத்துத் தூக்கம்.
பின் இடது மூலை
அவர்கள் தலைக்கு மேல்தான் வரும்.

கேட்டைத் தாண்டாமல் ஓரங்கட்டினேன்.
மொஃபிசுல் சுத்தியலோடு வந்துசேர ஏழரை.
துருவைத் தட்டினான், கிரீஸ் அப்பினான்,
வங்காளத்தில் ஏதோ திட்டினான்,
பூட்டையா என்னையா தெரியாது.
அதற்குள் என் அடுத்த டிரிப்
பரஞ்சோதிக்குப் போய்விட்டது.
நாற்பத்தைந்து வெள்ளி.

டக்.

பாலத்தின் மேட்டில் காற்று வந்தது.
மூலைகள் முனகுவதை எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.
இடப்பக்கம் ஒரு பையன்,
ஹெல்மெட் வாரைக் கொளுவாமல்,
இவ்வளவு மெதுவாகவா என்பதுபோல்
ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.