விலக்கு

புதுவயல் மில்லில்
பிள்ளையார் காலண்டருக்குக் கீழே
உமித்தூசி படிந்த பலகையில்
ஆணையை ஒட்டியவள் நான்தான்.
பசை தீர்ந்திருந்தது. சோற்றுப் பருக்கை போதுமாயிருந்தது.

நேரக்குறிப்பு எழுதுகிறவளுக்கு
அரசாங்கத் தமிழும் புரியுமென்று
எலிவேட்டர் பெல்ட்டில் நிற்கும் சேவுகன் கேட்டான்:
"என்னக்கா போட்டுருக்கு?"

"பொதுநலன் கருதி" என்று தொடங்கினேன்.
மூன்று மாதத்துக்கு
எட்டு மணி நேரம் பன்னிரண்டாகலாம்.
ஓடும் சக்கரத்துக்குக் கூண்டு வேண்டும் என்கிற
பிரிவிலிருந்தும் இந்த ஆலைக்கு விலக்கு.

"எந்த விலக்கு? நான் எறங்குற மித்ராவயல் விலக்கா?"
களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தவர்கள் வரை சிரித்தார்கள்.
பஞ்சவர்ணம் மட்டும்
"மாசம் மூணு நாளு எனக்கும் உண்டு,
அதுக்கு எவன் ஆணை போட்டான்"
என்று பலகையைத் தள்ளிக்கொண்டே போனாள்.

கூண்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
தெரிந்ததுதான்.
ஆயுத பூஜைக்குப் பெயின்ட் அடிக்கக் கழற்றியது
பாய்லர் பின்னால் கிடக்கிறது.
வாட்ச்மேன் வளர்க்கும் கோழி அதற்குள் அடை காக்கிறது.
கீரி நுழைய முடியாது, நல்ல கம்பி.

பதினோராவது மணி நேரத்தில்
ஆள் நின்றபடியே எங்கோ போய்விட்டு வருகிறான்.
நானும் அந்த ராத்திரி அங்கே இருந்தேன்.
பெண்கள் இருக்கலாம் என்பதற்கும்
ஆணையில் ஒரு வரி இருந்தது.
அப்படிப் போய் வந்த ஒரு நொடியில்
சேவுகன் தோளிலிருந்த சிவப்புத் துண்டை
பெல்ட் வாங்கிக்கொண்டது.
கழுத்தைச் சுற்றிப் போட்டிருக்கவில்லை அன்று.
வேறு காரணம்
தேடிப் பார்த்தும் எனக்குக் கிடைக்கவில்லை.

மில்லை நிறுத்தவில்லை. வாசலில் லாரி.
விடியும்வரை அந்தத் துண்டு
தண்டோடு சுற்றியது,
சிவப்பாக, பிறகு நார்நாராக,
பிறகு உமியின் நிறத்தில்.

விபத்துப் பதிவேட்டைத் திறந்தேன்.
பெயர். வயது. அடிபட்ட உறுப்பு.
துண்டுக்குக் கட்டம் இல்லை.
மூடிவிட்டு
மற்ற நோட்டில் எழுதினேன்:
சேவுகன், பன்னிரண்டு.

காலை பஸ்ஸில்
எனக்கு இரண்டு சீட் முன்னால் இருந்தான்.
"விலக்கு எறங்கு, விலக்கு!" என்றார் கண்டக்டர்.
எழுந்தவன் தோளைத் தடவிப் பார்த்தான்.
பிறகு, தினமும் செய்வதுபோல,
இல்லாததை ஒருமுறை உதறித்
தோளில் போட்டுக்கொண்டு
இறங்கிப் போனான்.